பென்சிலில் ஒரு பெருக்கல் குறி

நிதித் துறையில் பெரிய ஆளாகிவிட்டவர்களைப் பேட்டி எடுக்கிறவர்கள், "உங்கள் முதல் வெற்றி எது?" என்று கேட்காமல் விடுவதில்லை. மற்றவர்கள் அதற்கு அரைமணி நேரம் பதில் சொல்வார்கள். வருத்தமணி மட்டும் தண்ணீர் கேட்பார். அவருடைய முதல் வெற்றி, கூடப் பிறந்த அக்கா.

வருத்தமணி என்பது பட்டப்பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது இப்போது வருமான வரிப் படிவத்தில் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. பட்டப்பெயர் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதை என்றாலும், அக்காவிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம். வருத்தமணியும் மனசுக்குள் எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

இருபத்து மூன்று வயதில் அவர் அந்தச் சேமிப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே 'சொந்தப் பத்து' என்று ஒரு முறை உண்டு. புதிதாகச் சேருகிறவர் முதல் மாதத்துக்குள் தன் சொந்தக்காரர்களில் பத்துப் பேரைத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். பயிற்சி கொடுத்தவர் வெள்ளைப் பலகைமுன் நின்று அதற்கு விளக்கம் சொன்னார்.

"நம்மள நம்பறவங்ககிட்டதான் முதல்ல விக்கணும். நம்பாதவங்க படிச்சுப் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க. நேரம் வீணாயிடும்."

எல்லோரும் கை தட்டினார்கள். வருத்தமணியும் தட்டினார்.

அக்கா அப்போது ஒரு பழைய கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் தையல் கடை வைத்திருந்தார். இரண்டு மெஷின், ஒரு முக்காலி, சுவர் முழுக்க நூல்கண்டு. வருத்தமணி காலேஜ் படித்தது அந்த மெஷின்களின் காலில்தான். அப்பா இல்லாத வீட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்து தம்பியைப் படிக்க வைத்தவர் அக்கா. தம்பி டை கட்டிக்கொண்டு, தோல்பையோடு வந்து நின்றதும் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

படிவம் இருபத்திரண்டு பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் வருத்தமணி முந்தின நாளே பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். அக்காவுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று அவராகவே செய்த ஏற்பாடு அது.

"இதெல்லாம் படிக்கணுமாடா?"

"நான் இருக்கேன்லக்கா. இன்டு மார்க் போட்டிருக்கற இடத்துல மட்டும் போடு, போதும்."

அக்கா போட்டார். திட்டத்தின் பெயர் 'நிம்மதி'. இருபது வருஷம் மாதாமாதம் கட்ட வேண்டும். அது முடிந்ததும் முழுத்தொகை கைக்கு வரும், அதைக் கொண்டு இந்த அறையையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று அக்கா அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டார். படிவத்தை வருத்தமணியும் படித்ததில்லை. பயிற்சி கொடுத்தவர் படித்ததில்லை. அச்சடித்தவர் மட்டும் எழுத்துப் பிழைக்காக மேலோட்டமாகப் பார்த்ததாகக் கேள்வி.

நான்கு வருஷத்தில் வருத்தமணிக்குச் சொந்தக்காரர்கள் தீர்ந்துபோனார்கள். தீர்ந்தவர்களைக் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மாற்றுவது நிறுவனத்தின் வழக்கம். அந்தப் பிரிவு ஜெராக்ஸ் மெஷினுக்கும் கழிவறைக்கும் நடுவில் இருந்த ஒரு மேஜை. அதில் ஒரு மணி இருக்கும். அடித்தால் யாரும் வரமாட்டார்கள். குறையோடு வந்தவர் தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள அடிப்பதற்காக அதை வைத்திருந்தார்கள்.

முதல் வாரமே ஓய்வுபெற்ற லிப்ட்காரர் ஒருவர் வந்தார். முப்பது வருஷம் மற்றவர்களை மேலே கொண்டுபோய் விட்டவர். அவருடைய 'நிம்மதி' முதிர்ந்துவிட்டது, ஆனால் கைக்கு ஒன்றும் வரவில்லை. "என்னன்னு கொஞ்சம் பாருங்க தம்பி" என்று படிவத்தை நீட்டினார். வருத்தமணி வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் புரட்டினார். பதினான்காம் பக்கத்தில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், இப்படி இருந்தது:

'முதிர்வுத் தொகை என்பது முதிர்வு நாளன்று நிறுவனம் உசிதம் என்று கருதும் தொகை. அது பூஜ்யமாகவும் இருக்கலாம். பூஜ்யமும் ஒரு தொகையே.'

லிப்ட்காரருக்கு அந்தத் திட்டத்தை விற்றவர் வேறு யாரோ. வருத்தமணி விற்றது அக்காவுக்கு. அந்தப் பக்கத்தின் அடியிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டதும், அக்கா அதன்மேல் நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டதும் கண்முன்னே வந்து நின்றன.

அன்றைக்கு பிரிண்டர் பழுது. அதனால் லிப்ட்காரருக்கான பதிலைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. எழுதும்போது அவர் நினைப்பில் லிப்ட்காரர் இல்லவே இல்லை.

'இந்தப் படிவத்தை நான் படித்ததில்லை. படிக்காமலே கையெழுத்து வாங்கினோம். எங்களை நம்பினீர்கள். நம்பினதுதான் நீங்கள் செய்த ஒரே தவறு. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.'

நிஜமாகவே கை நடுங்கிற்று. 'நம்பினீர்கள்' என்ற சொல்லின்மேல் ஒரு சொட்டுக் கண்ணீரும் விழுந்து மை கலைந்தது. வேறு தாளில் எழுதலாம் என்றால், தாளுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அப்படியே அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் லிப்ட்காரர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்து நின்றார்.

"சின்ன வயசு தம்பி உங்களுக்கு. இதுக்குப் போயி அழலாமா? பணம் போனாப் போகுது, விடுங்க. சாப்பிடறீங்களா ஒழுங்கா?"

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, போகிறபோது வருத்தமணியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றிருந்த நிறுவனத் தலைவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆப்பிளைக்கூட எடுத்துக் கடித்தார்.

மறுநாளே பெரிய கூட்டம். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இத்தனை வருஷமா நாம என்ன முட்டாள்தனம் பண்ணிட்டிருந்தோம் தெரியுமா? வந்து கத்தறவங்களுக்கெல்லாம் பயந்து பணத்தைத் திருப்பிக் குடுத்திட்டிருந்தோம்! அவங்க கேட்டது பணமே இல்ல. அன்பு! அன்பு நம்மகிட்ட எவ்வளவு வேணா இருக்கு. அதுக்கு வட்டி கட்ட வேண்டியதில்ல, தணிக்கை கெடையாது. இன்னியிலேருந்து இந்த நிறுவனத்துல பணம் திருப்பித் தர்ற பேச்சே கெடையாது. வருத்தம்தான்!"

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. அன்றைக்கு வருத்தத் துறை பிறந்தது. அதற்குத் தலைவராக வருத்தமணி நியமிக்கப்பட்டார். பெயரும் அன்றைக்கு ஒட்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பிப் போனார். சொல்லியிருந்தால் அக்கா கட்டுகிறதையாவது நிறுத்தியிருப்பார். அக்கா பதவி உயர்வு செய்தியைக் கேட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு அது வாடிக்கையாளர் சட்டை என்பது ஞாபகம் வந்து உதறினார். "இன்னும் பதினாறு வருஷம்தான்டா. அப்புறம் இந்த ரூமு என்னுது. உன் புண்ணியம்" என்றார். வருத்தமணி டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். பதினாறு வருஷத்தில் எத்தனை ஞாயிறு வரும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

வருத்தத் துறை வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முதலில் நான்கு பேர், அப்புறம் நாற்பது, அப்புறம் ஒரு மாடி முழுக்க. கையால் எழுதி மாளவில்லை என்று வருத்தமணியின் நடுங்கிய கையெழுத்தையே எழுத்துருவாக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கண்ணீர்ச் சொட்டை அதே இடத்தில், 'நம்பினீர்கள்' மேல், இளநீல வட்டமாக அச்சடித்தார்கள். முதல்தர வாடிக்கையாளர் என்றால் நிஜ நீரையே சொட்டு மருந்துக் குழாயால் விட, இரண்டு பேர் ஷிப்ட் முறையில் இருந்தார்கள்.

கடிதத்தைச் சீர்படுத்த வந்தவர் வக்கீலம்மா. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, "இதுல 'தவறு' அப்படின்னு ஒரு வார்த்தை இருக்கே?" என்றார்.

"ஆமாங்க. தவறுதானே?"

"தவறு நடக்கலாம். நாம எழுதக் கூடாது. 'நீங்கள் செய்த ஒரே தவறு'ன்னு இருக்கே, அது இருக்கட்டும். அது அவங்க செஞ்சது. 'படிக்காமலே கையெழுத்து வாங்கினோம்' வேணாம். 'கையெழுத்து நிகழ்ந்தது'ன்னு போடுங்க. யாரு வாங்கினா, யாரு போட்டா, அந்தப் பேச்சே வரக் கூடாது. மழை பெஞ்ச மாதிரி இருக்கணும்."

"அப்ப மன்னிப்பு எதுக்குக் கேக்கறோம்?"

வக்கீலம்மா பேனாவை மூடினார். "காரணம் இல்லாம கேக்கற மன்னிப்புதாங்க பெரிய மனசு."

வருத்தமணி தலையாட்டினார். அவருக்குத் தலையாட்டத் தெரியும். இந்தத் துறையில் அவர் ஏறிய படிகளில் பாதி அதனால்தான்.

ஆயிற்று, மற்ற நிறுவனங்களும் மோப்பம் பிடித்துவிட்டன. கடன் கொடுக்கிறவர்கள், காப்பீடு விற்கிறவர்கள், சீட்டு நடத்துகிறவர்கள், எல்லோருக்கும் வருத்தம் தேவைப்பட்டது. தயாரிக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான். தலைவரே முதல் போட்டு, வருத்தமணியைத் தொழிலதிபராக்கினார். நிறுவனத்தின் பெயர் 'மனமார'. வாசலில் பித்தளையில் பதித்த சின்னம், ஒரு பெருக்கல் குறி, பென்சிலால் போட்டதுபோல லேசாகச் சாய்ந்து. சின்னம் வரைந்த ஓவியர், "உங்கள் வாழ்க்கையில் ஆழமாகப் பதிந்த ஓர் உருவம் சொல்லுங்கள்" என்று கேட்டபோது வருத்தமணியின் கை தானாக வரைந்தது அது. பிற்பாடு ஒவ்வொரு நாள் காலையும் அதற்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போவார். அடக்கம் என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

மனமாரவில் வருத்தம் ஒன்பது தரங்களில் கிடைத்தது. ஒன்பதாம் தரம் ஒரு வரிக் குறுஞ்செய்தி. ஐந்தாம் தரத்தில் தொலைபேசியில் பெருமூச்சு உண்டு. அது வருத்தமணியின் சொந்தப் பெருமூச்சு. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபத்து மூன்று தடவை விடச் சொல்லி, கடைசியில் இடைவேளையில் அவர் அக்காவை நினைத்துத் தன்னையறியாமல் விட்டதை எடுத்துக்கொண்டார்கள். முதல் தரம், அந்தப் பழைய கடிதம். வக்கீலம்மா கழித்தது போக மிச்சம்.

கடிதத்தோடு 'மன்னிப்பு ஏற்புப் படிவம்' ஒன்றும் போகும். பெற்றுக்கொண்டவர், 'மன்னித்தேன், இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கே போட வேண்டும் என்று தேட வேண்டாமே என்று ஒவ்வொரு படிவத்திலும் பென்சில் நிறத்தில் பெருக்கல் குறி.

பிறகு யாருக்கோ, அதையும் ஏன் தாமதிக்க வேண்டும் என்று தோன்றிற்று. திட்டத்தில் சேருகிற அன்றைக்கே மன்னிப்பையும் சேர்த்து வாங்கிவிட்டால்? 'முன்மன்னிப்பு' அப்படித்தான் வந்தது. அதை ஆரம்பித்து வைக்க நிதித் துறையைக் கண்காணிக்கும் பெரிய அதிகாரியே வந்தார். ரிப்பனை வெட்டிவிட்டுப் பேசினார்.

"நான் பொறுப்புக்கு வந்தப்போ மாசம் பத்தாயிரம் புகார். தூக்கமே கெடையாது. ஒவ்வொண்ணையும் விசாரிக்கணுமேன்னு இல்ல, ஏன் விசாரிக்கலன்னு பதில் சொல்லணுமேன்னு. இப்போ மாசத்துக்கு மூணு புகார். அந்த மூணு பேரும் கையெழுத்துப் போடத் தெரியாதவங்க. அதனால அடுத்த வருஷத்துக்குள்ள எல்லாருக்கும் கையெழுத்துப் போடக் கத்துக் குடுக்கறதா அரசாங்கம் முடிவு பண்ணியிருக்கு!"

அந்தக் கூட்டத்தில் கல்வி அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

இத்தனை வருஷமும் அக்கா மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே வந்தார். வருத்தமணி அக்காவுக்குப் புது மெஷின் வாங்கிக் கொடுத்தார், மின்விசிறி வாங்கிக் கொடுத்தார், கண்ணாடிக்கு நல்ல பிரேம் வாங்கிக் கொடுத்தார். "எதுக்குடா இவ்வளவு செலவு?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார். கொடுத்ததெல்லாம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு ஈடாக என்பது அவருக்குத் தெரியும். ஈடாகவில்லை என்பதும் தெரியும்.

இருபது வருஷம் முடிந்த மாதம் அக்கா போன் செய்தார்.

"தம்பி, ரூமு ஓனர் விக்கப்போறாராம். எனக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கார். இருவத்தி மூணாந்தேதி புதன்கிழமை வரைக்கும் டைம். நம்ம நிம்மதிக்குத் தாளெல்லாம் அனுப்பிட்டேன். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பச் சொல்லுடா. உனக்குத் தெரிஞ்ச இடம்தானே?"

"சொல்றேன்க்கா" என்றார் வருத்தமணி.

இரண்டே நாளில் அந்தக் கோப்பு, வருத்தம் தெரிவிப்பதற்காக, பழைய நிறுவனத்திலிருந்து மனமாரவுக்கு வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் திரை சிவப்பாகி, 'உறவினர்' என்று மின்னியது. விதிப்படி உடனே கூட்டம் கூடியது. வருத்தமணி, வக்கீலம்மா, தர அதிகாரி, மூன்றே பேர்.

"என் கைக்காசக் குடுத்துடறேன். வேற யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் வருத்தமணி.

வக்கீலம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒருத்தருக்குக் குடுத்தா அது நஷ்டஈடு. யாருக்குமே குடுக்கலேன்னா அது கொள்கை. வியாழக்கிழமை மனமாரவுல பங்கு வாங்கற முதலீட்டாளருங்க கையெழுத்துப் போட வர்றாங்க. இதுவரைக்கும் நாம வருத்தம் தெரிவிச்ச ஆறு லட்சம் பேர்ல ஒருத்தருக்குக்கூட ஒரு காசு போகலன்னு எழுதிக் குடுத்திருக்கோம். அதுக்குத்தான் இவ்வளவு விலை. சாயங்காலம் உங்களுக்கு மனச்சாட்சி விருது வேற. அது முடியட்டும். அப்புறம் அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசு மாதிரி என்ன வேணா குடுங்க."

"புதன்கிழமைதான் கடைசி நாள்."

"வியாழக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் ஒரு நாள்தானே சார்?"

ஒரு நாள்தானே. அறை விற்கிறவர் ஒரு நாள் பொறுக்கமாட்டாரா என்று வருத்தமணி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பொறுப்பார் என்று பதிலும் சொல்லிக்கொண்டார். இருபது வருஷமாக மற்றவர்களை நம்பவைத்த அனுபவத்தில், தன்னை நம்பவைக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அப்படி நம்பிய அந்த நிமிஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

கடிதத்தையாவது தன் கையால் எழுதுவோம் என்று உட்கார்ந்தார். 'அக்கா' என்று ஆரம்பித்தார். பேனா தானாக, 'எங்களை நம்பினீர்கள்' என்று போயிற்று. அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். 'கை நடுங்குகிறது' என்று வந்தது. கை அன்றைக்கு நடுங்கக்கூட இல்லை. ஒருவழியாக எழுதி முடித்ததைத் தர அதிகாரி மெஷினில் கொடுத்துச் சோதித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்.

"மன்னிக்கணும் சார். நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு நம்ம முதல்தரத்துலேருந்து காப்பி அடிச்சிருக்குன்னு வருது. கையெழுத்தும் நம்ம எழுத்துரு மாதிரியே இருக்கு, ஆனா அந்த அளவுக்குச் சுத்தமா இல்ல. போலின்னு நிராகரிச்சுடுச்சு."

அசல் முதல்தரமே போயிற்று. அதுதான் நம்மிடம் இருப்பதில் உசத்தி என்று வருத்தமணி மனதைத் தேற்றிக்கொண்டார். அதோடு ஒரு வகையில் அந்தக் கடிதம் அக்காவுக்காக எழுதியதுதானே. பதினாறு வருஷம் சுற்றிவிட்டு உரியவரிடம் போகிறது, அவ்வளவுதான்.

புதன்கிழமை போயிற்று. அக்காவிடமிருந்து போன் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் முதலீட்டாளர்கள் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுடைய ஒப்பந்தத்தில் பெருக்கல் குறி ஏதும் இல்லை. அவர்கள் எல்லாப் பக்கத்தையும் படித்தார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று.

மத்தியானம் வரவேற்பறையிலிருந்து அழைப்பு. "சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. வருத்தம் வாங்க வந்தீங்களா, குடுக்க வந்தீங்களான்னு கேட்டா, கோட்டுக் குடுக்க வந்திருக்கேங்கறாங்க. அந்த வகைக்கு எங்கிட்ட டோக்கன் இல்ல."

அக்கா ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தார். வருத்தமணி எழுந்து நின்றார்.

"விருதுக்குப் போட்டுக்கறேன்னு கேட்டியே. ராத்திரி முடிச்சுட்டேன். போட்டுப் பாரு, தோள் சரியா இருக்கான்னு."

கோட்டைப் பிரித்துப் பிடித்தார். வருத்தமணி கைகளை நுழைத்தார். அக்கா பின்பக்கம் வந்து தோளை நீவிப் பார்த்தார், காலரை மடித்துவிட்டார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. அப்புறம் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது உன் லெட்டர். இது பக்கத்துக் கடைச் சாவிக்காரருக்கு வந்தது. அவரு வேற கம்பெனியில கட்டினாரு. என் லெட்டரைப் படிச்சதும் நான் ஓன்னு அழுதுட்டேன்டா. பணம் போனதுக்கில்ல. தம்பி இத்தனை நாளா மனசுல வச்சுக்கிட்டுத் தவிச்சிருக்கானேன்னு. சாவிக்காரர் சத்தங் கேட்டு வந்தாரு. பாத்துட்டு அவரு லெட்டரையும் போயி எடுத்தாந்தாரு." அக்கா விரலை வைத்துக் காட்டினார். "ரெண்டுலயும் கண்ணீர் ஒரே எடத்துல விழுந்திருக்கு."

"அக்கா... அது உனக்காக எழுதினதுதான். சத்தியமா. முதமுதல்ல ஒரு லிப்ட்காரருக்கு எழுதினேன். ஆனா உன்னத்தான் நெனச்சுக்கிட்டு எழுதினேன்."

"என்ன நெனச்சு எழுதினத எதுக்குடா லிப்ட்காரருக்குப் போட்ட?"

வருத்தமணி ஆறு லட்சம் பேருக்குப் பதில் அனுப்பியவர். இப்போது கோட்டின் முதல் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.

"பணம் வராதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் அக்கா.

பெருமூச்சு வந்தது. அதை அவர் அடக்கிக்கொண்டார். அது ஐந்தாம் தரம்.

"பதினாறு வருஷமா."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். பதினாறு வருஷத்தின் ஞாயிற்றுக்கிழமைகளை, டீயை, மின்விசிறியை, கண்ணாடி பிரேமை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி அந்தப் பிரேமை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"பணத்த இப்பவே தர்றேன்க்கா. முழுசா. ரூமை வாங்கிடலாம்."

"நேத்து சாயங்காலமே வித்தாச்சு. டீத்தூள் கம்பெனிக்குக் குடோனாம். மெஷினை வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். ஒண்ணுதான் கதவுல நுழைஞ்சுது."

வருத்தமணிக்கு அழுகை வந்தது. ஆனால் அக்கா முன்னால் அழப் பயமாக இருந்தது. சொட்டு எங்கே விழுந்தாலும் அது அந்த இளநீல வட்டமாகத்தான் அவருக்குத் தெரியும்.

கதவு திறந்து வக்கீலம்மா எட்டிப் பார்த்தார். "சார், விருதுக்கு வண்டி வந்தாச்சு. மேடையில தலைவரும் பெரிய அதிகாரியும் காத்திட்டிருக்காங்க."

அக்கா அவசரப்படவில்லை. பையின் அடியிலிருந்து இன்னொன்றை வெளியே எடுத்தார். மன்னிப்பு ஏற்புப் படிவம். அதுவும் இருபத்திரண்டு பக்கம். வக்கீலம்மாவின் முகம் மலர்ந்தது. மேஜையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி அவரே நீட்டினார்.

"கடைசிப் பக்கத்துல போட்டாப் போதும்மா. இன்டு மார்க் இருக்கு பாருங்க."

"பாத்தேன்மா. என் தம்பி போடற மார்க்குதான்." அக்கா பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, வருத்தமணியின் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மன்னிக்கமாட்டேன்னு சொல்லல. ஆனா இந்தத் தடவ படிச்சுட்டுத்தான் போடுவேன்."

முதல் பக்கத்தைப் பிரித்து, கண்ணாடிக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தார்.

"இதையாவது நீ படிச்சியா?"

கோட்டின் தோள் திடீரென்று இறுக்கிப் பிடிப்பதுபோல் இருந்தது வருத்தமணிக்கு.

"இல்லக்கா."

அக்கா விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"அப்ப நேரமாகும்டா" என்றார்.